யாழ்ப்பாணத்திலிருந்து சமுத்திரவியல் விரிவுரையாளராக முடியுமா?

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு சமுத்திரவியல், கடல்சார் புவிச்சரிதவியல் துறையில் விரிவுரையாளராக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். இந்தப் பெயரிலேயே தனித் துறை இருப்பது மாத்தறையில், ருகுணு பல்கலைக்கழகத்தில். தூரம் பார்க்காமல் அங்கும் விண்ணப்பியுங்கள்.

முதற்படி தகுதிகாண் விரிவுரையாளர் பதவி. வழக்கமாகச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கேட்பார்கள். பதவி உறுதியாவதற்குப் பட்டமேற்படிப்பை முடித்தாக வேண்டும். மிச்சம் விளம்பரத்தில் இருக்கும்.

நேர்முகத்தில் ஆளைப் பிரித்துக் காட்டுவது ஆராய்ச்சித் திட்டம்தான் என்பது என் எண்ணம். ஆய்வுக் கப்பல் இல்லாமல் எதுவும் முடியாது என்று தொடங்காதீர்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பல வேலைகளுக்கு மீன்பிடிப் படகே போதும். தொண்டைமானாறு நீரேரிச் சேற்றில் ஒரு பிவிசி குழாயை இறக்கி, மேல்வாயை இறுக மூடி மெல்ல இழுத்தால் படிவுகள் பெரும்பாலும் அடுக்குக் குலையாமல் வரும். குழாயை நீளவாக்கில் பிளந்தால் அடியில் பழையது, மேலே புதியது. இடையில் திடீரென்று பருமணலும் சிப்பித் துண்டுகளும் வந்தால் அதைக் கொண்டுவந்தது புயலா, சுனாமியா என்று தேட வேண்டியதுதான். 2004 சுனாமி அடித்த வடமராட்சி கிழக்கிலும் இதே முறையில் தேடலாம்.

அப்புறம் நம் குடாநாட்டின் அடியில் இருக்கும் மயோசின் சுண்ணக்கல், அதாவது பல மில்லியன் ஆண்டுப் பழைய பாறை. அந்தப் பாறையில் அமைந்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கடலையும் குடிநீரையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் இங்கே கட்டாயம் தேவை. அதையே திட்டமாக எழுதுங்கள். பட்டம் முடிந்த கையோடு தற்காலிக உதவி விரிவுரையாளர் வெற்றிடங்களையும் விடாமல் பாருங்கள்.