காரில் விரிசல் விட்ட மர வேலைப்பாடு: மாற்றுவதா, பாலிஷ் போடுவதா?

கேள்வி: 1996 மாடல் மெர்சிடிஸ் இ-கிளாஸ், டபிள்யூ 124, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்ஜினில் குறையில்லை. ஆனால் கியர் லீவரைச் சுற்றியுள்ள மரத்திலும் ஆஷ்ட்ரே மூடியிலும் குறுக்கும் நெடுக்குமாக விரிசல். ஜி.பி. ரோட்டில் மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். வீட்டுக்கு வேலை செய்யும் ஆசாரியோ, "கழற்றிக் கொடுங்க சார், பாலிஷ் போட்டுத் தர்றேன்" என்கிறார். எதைச் செய்வது? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: செலவு செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விரிசல் விட்டிருப்பது மரமா, அதற்கு மேலே இருக்கும் பூச்சா?

உங்கள் காரில் இருப்பது நிஜ மரம்தான், ஆனால் முழுப் பலகை இல்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத மரச் சீவலை, அதாவது வினீரை, அடித்தகட்டில் ஒட்டி, மேலே லேக்கர் என்ற தெளிவான பூச்சைக் கெட்டியாக ஏற்றியிருப்பார்கள். கத்திரி வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியை எட்டிவிடும். ஏறி உட்கார்ந்ததும் ஏசியை முழு வேகத்தில் வைக்கிறோம். மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும். லேக்கரோ வயதாக ஆக இறுகி, அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்க முடியாமல் வெடிக்கிறது.

ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விரிசலுக்குக் கீழே மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடினால் போனது லேக்கர் மட்டும்தான். ஓரம் தூக்கியிருந்தாலோ, உள்ளே சாம்பல் படிந்ததுபோலத் தெரிந்தாலோ, நகத்தால் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, ஈரம் இறங்கி வினீரே விட்டுப்போயிருக்கிறது.

லேக்கர் மட்டும் என்றால் தயவுசெய்து அந்த மரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உயர்தரக் கார்களில் ஒரு செட்டுக்கான வினீரை ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவியெடுத்துப் பொருத்துவது வழக்கம். ஒன்றை மட்டும் மாற்றினால் நிறமும் ரேகையும் பக்கத்தில் இருப்பதோடு சேராது. அதைக் கழற்றி, பழைய லேக்கரை எடுத்து, புதிதாக ஏற்றுவதே என் சிபாரிசு.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். உங்கள் ஆசாரி கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் அவர் மனதில் இருப்பது பிரெஞ்சு பாலிஷ் என்றால் வேண்டாம். அது அரக்கில் செய்வது, கார் சூட்டில் இளகிவிடும். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) கிளியரோ பாலியெஸ்டரோதான் காருக்குச் சரி. ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளில் 1000, 1500, 2000 நம்பர் என்று ஏறுவரிசையில் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மினுக்க வேண்டும். கூலிதான் இதில் பெரிய செலவு. பழைய லேக்கரை எடுக்கும்போது கொஞ்சம் கை அழுத்தினாலும் வினீர் போய்விடும், போனால் திரும்ப வராது. அதனால் முதலில் ஆஷ்ட்ரே மூடியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வந்ததைக் காரில் மாட்டி, சில வாரம் வழக்கம்போல வெயிலில் நிறுத்துங்கள். தாக்குப்பிடித்தால் மற்றதைக் கொடுக்கலாம். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஜன்னல் சுவிட்சுகள் கியர் லீவரைச் சுற்றியுள்ள மரத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன, கிளிப்புகளும் இத்தனை வருடத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

வினீரே போயிருந்தால் புதுப்பேட்டைக்குப் போங்கள். ஆனால் அங்கே கிடைப்பதும் ஏறக்குறைய உங்கள் காரின் வயதுதான். பளபளப்பைப் பார்த்து மயங்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கிளிப்பும், மாட்டும் காதும் உடையாமல், வினீர் ஒட்டியபடி இருந்தால், லேக்கர் வெடித்திருந்தாலும் பேரம் பேசி வாங்கலாம். உங்கள் பழைய துண்டைக் கையில் எடுத்துப் போவது நல்லது. வரிவரியாக இருக்கும் ஜெப்ரானோவும் சுழிசுழியாக இருக்கும் வால்நட்டும் ஒன்றோடொன்று சேராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், இடதுபக்க ஸ்டியரிங் காரிலிருந்து எடுத்ததா என்று முதலில் கேளுங்கள். டேஷ்போர்டு துண்டுகள் பொருந்தாமல் போகலாம்.

ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். வெயிலில் மூலைகள் சுருண்டு எழும், உரிக்கும்போது பலவீனமான லேக்கரையும் சேர்த்துக் கொண்டுவரும். மர டிசைன் அச்சடித்த பிளாஸ்டிக் உள்ள கார்களுக்கு அது சரி. நிஜ மரத்துக்கு மேல் மரப் படத்தை ஒட்டுவதை என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

கேள்வி: மரம் மங்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: கூடாது. லேக்கர் மூடியிருப்பதால் எண்ணெய் மரத்துக்குப் போகாது, மேலே நின்று தூசியைத்தான் பிடிக்கும். விரிசல் இருந்தாலோ இன்னும் மோசம். உள்ளே இறங்கிய எண்ணெய், பின்னால் அடிக்கிற லேக்கரை ஒட்டவிடாது. சிலிக்கோன் கலந்த டேஷ்போர்டு பாலிஷுக்கும் இது பொருந்தும். லேசாக ஈரமான மெல்லிய துணி போதும். வெளியே நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடு போடுங்கள்.

கேள்வி: கதவிலுள்ள மரப் பட்டைகளைப் பாலிஷுக்குக் கொடுத்தேன். ஓரத்தில் வினீர் தேய்ந்து அடித்தகடு தெரிகிறது. கடைக்காரர் "பழசு சார், அப்படித்தான் வரும்" என்கிறார். பில் தரவில்லை, ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. (வேளச்சேரி வாசகர்)

பதில்: அந்தப் பதிவு முக்கியம். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், கொடுக்கும் முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை என்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். வேறொரு பாலிஷ்காரரிடம், என்ன கெட்டிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அதை இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும். அதுவரை அந்தப் பட்டைகளை யாரிடமும் சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள். கடை என்ன செய்தது என்பதற்கு உங்களிடம் உள்ள நேரடிச் சான்று அவைதான்.