அத்தை ஊருக்குத் திரும்புகிறார், குழந்தையை எந்த டே கேரில் விடுவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 13 மாதம். மேடவாக்கத்தில் குடியிருக்கிறோம். என் அலுவலகம் சோழிங்கநல்லூர், கணவருக்கு கிண்டி. என் மகப்பேறு விடுப்பு முடிந்ததிலிருந்து அத்தைதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஊரில் மாமாவுக்கு உடம்பு சரியில்லாததால் அடுத்த மாதம் சங்கரன்கோவிலுக்குத் திரும்புகிறார். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு டே கேர் இருக்கிறது. மாதம் ரூ.8,000, காலை 9 முதல் மாலை 6 வரை. என் அலுவலகத்துக்கு அருகில் இன்னொன்று, ரூ.15,500, சாப்பாடு சேர்த்து, இரவு 7.30 வரை. கையில் வரும் சம்பளம் எனக்கு ரூ.41,000, அவருக்கு ரூ.58,000. வீட்டுக்கடன் இ.எம்.ஐ ரூ.27,500, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி ரூ.8,000, வீட்டுச் செலவு ரூ.38,000. "உன் சம்பளத்தில் பாதி டே கேருக்கே போய்விடும், பேசாமல் வேலையை விட்டுவிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கடைசி வரியைப் பார்ப்போம். டே கேர் கட்டணத்தை ஏன் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறார்கள்? குழந்தை இருவருக்கும்தானே? மொத்தம் ரூ.99,000 வரும் வீட்டில் இது இன்னொரு இ.எம்.ஐ. அதுவும் மூன்று வருடத்தில், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் பெருமளவு குறைந்துவிடும் இ.எம்.ஐ. அப்படி வைத்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

வேலையை விட்டால் என்ன ஆகும்? உங்கள் மாதச் செலவு ரூ.73,500. அவருடைய சம்பளம் ரூ.58,000. மாதாமாதம் ரூ.15,500 துண்டு விழும். எஸ்.ஐ.பி-யை நிறுத்தினாலும் அடையாது. இது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. தெரியாததும் உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளம் ரூ.22,000 என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து பி.எஃப் வகையில் மட்டும் மாதம் ரூ.5,280 சேர்கிறது. மூன்று வருடத்தில் அது ஏறக்குறைய ரூ.1.9 லட்சம். அப்புறம், வேலையில் சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகிறது என்கிறீர்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் கொடுக்கும் பணிக்கொடைக்கு, 5 வருடம் வேண்டும். சம்பளத்தோடு எடுத்த மகப்பேறு விடுப்பும் அந்தக் கணக்கில் சேரும். இன்னும் ஒன்பது மாதம் தாண்டினால், அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே சுமார் ரூ.63,000 உங்களுக்கு உரிமையாகிவிடும். குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று உங்கள் மனசு கேட்டால் அது வேறு, அதற்குத் தனியாகத் திட்டம் போடலாம். ஆனால் "டே கேர் செலவு கட்டுப்படியாகாது" என்ற காரணத்துக்காக வேலையை விடாதீர்கள். கட்டுப்படியாகிறது.

சரி, எந்த டே கேர்? ரூ.8,000-க்கும் ரூ.15,500-க்கும் ரூ.7,500 வித்தியாசம் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய கட்டண அட்டைகளை வைத்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் ரூ.150. அலுவலகம் போகும் நாட்களில் நீங்கள் வந்து சேர 7.15 ஆகிறது. அப்படியானால் நாளுக்கு ரூ.450. மாதம் 13 நாள் அலுவலகம் என்றால் ரூ.5,850. சேர்க்கைக் கட்டணம் ரூ.5,000-ஐயும் சேர்த்தால் முதல் வருடத்துக்கு ரூ.1,71,200. அலுவலகத்துக்கு அருகில் இருப்பதில் மாதக் கட்டணம், சேர்க்கை ரூ.20,000, வருடாந்திரக் கட்டணம் ரூ.6,000 எல்லாம் சேர்ந்து ரூ.2,12,000. ஆக, உண்மையான வித்தியாசம் மாதம் ரூ.3,400தான்.

வித்தியாசம் இவ்வளவுதான் என்றால், சாப்பாடும் சேர்ந்த இரண்டாவதை எடுக்கச் சொல்லத் தோன்றும். ஆனால் நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களிலும் குழந்தையைப் பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் வரை தூக்கிக்கொண்டு போய் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு: உங்கள் கணவரால் அலுவலக நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஐந்து மணிக்குக் கிளம்ப முடியுமா? முடிந்தால் ஆறு மணிக்குள் அவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தாமதக் கட்டணம் ரூ.5,850 அப்படியே மிச்சம். குழந்தைக்கும் ஒன்றேகால் மணி நேரக் காத்திருப்பு மிச்சம். இதை அவர் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்த பிறகு முடிவெடுங்கள். முடியும் என்றால் என் வாக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே.

உங்கள் நிறுவனத்தில் 300 பேர் வேலை செய்கிறார்கள் அல்லவா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. பல நிறுவனங்கள் சொந்தமாக நடத்தாமல் பக்கத்து டே கேரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை. எச்.ஆர்-க்கு வாயால் சொல்லாமல் மின்னஞ்சலாக அனுப்புங்கள். அங்கிருந்து பாதிக் கட்டணம் வருகிறது என்றால் நான் மேலே சொன்ன முடிவே மாறும்.

வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். டே கேர் கட்டணத்துக்குக் கழிவு இல்லை. ப்ளே ஸ்கூல் டியூஷன் கட்டணத்துக்குப் பழைய வரி முறையில் மட்டும் உண்டு. உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய முறையில் வரியே வராது. இதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். என் மகளுக்கு ஒன்றரை வயதில் நான் அப்படித்தான் கட்டினேன். இரண்டு மாதம் அவள் அங்கே சரியாகச் சாப்பிடவே இல்லை. மாலையில் கூப்பிடப் போனால் காலையில் கட்டிக்கொடுத்த பருப்பு சாதம் டப்பாவில் மூடியைத் திறக்காமலே இருக்கும். நிறுத்திவிடலாம் என்றால், பணம் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். அந்தப் பணத்தை நினைத்து இன்னும் ஒரு மாதம் அவளை அங்கேயே அனுப்பினேன். அதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம். மாதாமாதம் கட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாளே நிறுத்தும் சுதந்திரத்துக்கு அந்தப் பத்து சதவீதம் தாராளமாகத் தகும். டெபாசிட் எப்போது திரும்ப வரும், பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் முழுக் கட்டணமா, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணம் சரியாக இருக்கிறது என்பதற்காகச் சேர்த்துவிடவும் வேண்டாம். ஒரு நாள் சொல்லாமல் மாலை நான்கு மணிக்குப் போங்கள். பிள்ளைகள் தூங்கி எழுந்து சிணுங்கும் நேரம் அது. ஓர் ஆயா கையில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். இந்த வயதில் ஐந்தைத் தாண்டினால் நான் யோசிப்பேன். சி.சி.டி.வி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் சமையலறை எங்கே, மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி, வாசல் கேட்டின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். கூரையில் பற்றிய தீயும் குறுகலான ஒரே படிக்கட்டும் என்ன செய்தன என்பதை மறக்கக் கூடாது. இதில் குறை தெரிந்தால் ரூ.8,000 என்ன, இலவசமாக இருந்தாலும் வேண்டாம்.

சேர்த்த முதல் சில மாதங்களில் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும். விடுப்பு தீர்ந்துவிட்டால் சம்பளப் பிடித்தம் நாளுக்கு ஏறக்குறைய ரூ.1,370. அதற்காக ரூ.40,000 தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அலுவலக மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் சேர்ந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அத்தை கிளம்பும் நாள் வரை காத்திருக்காதீர்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே அரை நாள் மட்டும் விட ஆரம்பியுங்கள். அந்த மாதத்துக்குப் பாதிக் கட்டணம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மதியம் அத்தையே போய்க் கூட்டிவரட்டும். பிள்ளை சாப்பிட்டாளா, அழுத தடம் கன்னத்தில் இருக்கிறதா என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.