அடுப்பில் எரிவது யார் கணக்கு?

கேள்வி: எங்கள் தெருவில் குழாய் எரிவாயுவுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். அரசு எரிவாயு நிறுவனமான கெயில் 2035-க்குள் ‘நிகர பூஜ்யம்’ (விடும் கரியமில வாயுவைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டிவிடுவது) என்று அறிவித்திருக்கிறது. எரிவாயு நிலக்கரியைவிடச் சுத்தம்தானே? இதற்கு மேல் அந்த நிறுவனத்திடம் என்ன கேட்பது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் தெருவில் தோண்டுவது கெயில் இல்லை. சென்னையில் வீட்டு இணைப்பு தரும் வேலை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. எண்ணூரில் கப்பலில் வந்திறங்கும் எரிவாயுவுக்கான முனையம் இந்தியன் ஆயில் குழுமத்துடையது. ஆனாலும் கெயிலைக் கேட்கத்தான் வேண்டும். நாடு முழுக்க 16,000 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வைத்திருக்கிறது; பாதிக்கு மேல் பங்கு அரசுடையது, அதாவது நம்முடையது.

சரி, அந்த 2035-க்கு வருவோம். அதில் அடங்குவது நிறுவனத்தின் சொந்தப் புகை மட்டும்: குழாயில் எரிவாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர்கள், ஆலைகள், வாங்கும் மின்சாரம். அது விற்கும் எரிவாயு உர ஆலையிலும் மின் நிலையத்திலும் அடுப்பிலும் எரிகிறதே, அது அந்தக் கணக்கில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு இலக்கு: 2040-க்குள் 35 சதவீதம் குறைப்பது. எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; அது ஒரு கிலோ எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு வரும். ஆக, பெரிய கணக்கு வாடிக்கையாளர் தலையில். சின்னக் கணக்குக்குத்தான் ‘பூஜ்யம்’ என்ற பெயர். இதை நான் ஏற்கவில்லை.

எரியும்போது சுத்தம் என்பது உண்மை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி விடும் கரியமில வாயுவில் சுமார் பாதிதான் எரிவாயு விடும், சாம்பலும் இல்லை. அனல் மின் நிலையச் சாம்பலோடு வாழும் எண்ணூர்க்காரர்களுக்கு அந்த அருமை தெரியும். ஆனால் எரியாமல் கசிந்தால் கதை வேறு. முதல் 20 ஆண்டுகளில் மீத்தேன், அதே எடை கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கிணற்றிலிருந்து மின் நிலையம் வரை 3 சதவீதம் அளவில் கசிந்தாலே, அந்த 20 ஆண்டுக் கணக்கில் நிலக்கரியைவிட நல்லது என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. 2015-லும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்ற ஊருக்கு அந்த 20 ஆண்டுதான் முக்கியம்.

அப்புறம், புகையையும் கசிவையும் குறைப்பது நிறுவனம் மனமுவந்து தரும் சலுகையும் இல்லை. அரசு நிறுவனங்களும் அரசமைப்பின் 12-ஆம் பிரிவு சொல்லும் ‘அரசு’க்குள் வரும், அதாவது அடிப்படை உரிமைகள் அவற்றையும் கட்டுப்படுத்தும் என்பது உச்ச நீதிமன்றம் எப்போதோ சொன்னது. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது 14, 21-ஆம் பிரிவுகள் தரும் உரிமை என்று 2024-இல் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கெயிலுக்குக் கடமை உண்டு என்றே நான் சொல்வேன்.

தகவல் உரிமைச் சட்டம் கெயிலுக்கும் பொருந்தும். 10 ரூபாய் கட்டி இரண்டே கேள்வி கேளுங்கள்: கடந்த ஆண்டு உங்கள் குழாய்களிலிருந்து கசிந்த மீத்தேன் எத்தனை டன்? அது கருவி வைத்து அளந்ததா, உட்கார்ந்து மதிப்பிட்டதா? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்ததும் எங்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.