10 மில்லி ஊத்தினா 9.6 கிராம்தான் காட்டுது!

கேள்வி: மெஷரிங் சிலிண்டர்ல கரெக்டா 10 மில்லி தண்ணி எடுத்து, பேலன்ஸ்ல டேர் பண்ணி (அதாவது காலி பீக்கரோட எடையை பூஜ்யமாக்கி) வச்ச பீக்கர்ல ஊத்தினா 9.6 கிராம்தான் வருது. மூணு தடவை பாத்துட்டேன். பேலன்ஸ் ரிப்பேரா?
– முதல் வருஷ கெமிஸ்ட்ரி மாணவி

பதில்: பேலன்ஸ் மேல அவசரப்பட்டு பழி போடாதீங்க. ஒரு மில்லின்னா ஒரு கிராம்னு நாம சும்மா ரவுண்டா சொல்றோம், 20 டிகிரி செல்சியஸ்ல அது 0.998 தான், அப்போ உங்களுக்கு 9.98 வந்திருக்கணும். மிச்சம் 0.38 கிராம், அதாவது ஏழெட்டு சொட்டு எங்க போச்சு? ஊத்தி முடிச்ச சிலிண்டரை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, உள்சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கும் பாதி திருடன். மீதி பாதி அநேகமா உங்க கண்ணு. நின்னுக்கிட்டே மேல இருந்து குனிஞ்சு பாத்தா நிஜ அளவை விட கூடுதலாத்தான் தெரியும், அதனால 10 வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுவீங்க. சிலிண்டரை டேபிள்ல வச்சு, கண்ணை தண்ணி மட்டத்துக்கு இறக்கி, நடுவுல குழிஞ்சிருக்கற அடிப்பாகம் கோட்டைத் தொடுதான்னு பாருங்க. எது எவ்வளவு திருடுதுன்னு தெரியணும்னா காலி சிலிண்டரையே பேலன்ஸ்ல வச்சு டேர் பண்ணி, எடுத்து 10 வரைக்கும் நிரப்பி, திரும்ப வைங்க. இப்பவும் குறைஞ்சா ஒட்டினதைக் குத்தம் சொல்ல முடியாது, கண்ணோ, சிலிண்டரோ, இல்ல பேலன்ஸோதான். ஆமா, அது 100 மில்லி சிலிண்டரா? அப்படின்னா முதல்ல 10 மில்லி சைஸுக்கு மாறுங்க, பெருசுல கோடு ஒவ்வொண்ணும் 1 மில்லி, அதுல இந்த துல்லியம் கிடைக்காது.

கேள்வி: பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கற குழாய்) நுனியில நிக்கிற கடைசி சொட்டை ஊதித் தள்ளணுமா?

பதில்: சாதா 25 மில்லி பிப்பெட்னா கூடவே கூடாது. அந்தச் சொட்டு உள்ளேயே நிக்கும்னு கணக்கு பண்ணித்தான் கோடே போட்டிருக்காங்க. தானா வடிய விட்டு, நுனியை ஃபிளாஸ்க் சுவர்ல தொட்டு எடுத்துடுங்க. நான் ஒரு செமஸ்டர் முழுக்க பொறுப்பா ஊதித் தள்ளிட்டு, டைட்ரேஷன்ல (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு இன்னொண்ணுல எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கறது) மட்டும் ஏன் எப்பவும் கூட வருதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டவன். ஊதணும்னே செஞ்ச பிப்பெட்டும் இருக்கு, அதுல மேல வளையம் போட்டிருக்கும், பாத்துக்கங்க.

கேள்வி: அடுப்புல இருந்து எடுத்த க்ரூசிபிளை (சூடு தாங்கற சின்னக் கிண்ணம்) பேலன்ஸ்ல வச்சா ரீடிங் நிக்காம ஏறிக்கிட்டே போகுது?

பதில்: சூடு ஆறலை. சூட்டுக்கு காத்து மேல எழும்பி அதையும் லேசா தூக்கும், அதான் முதல்ல கம்மியா காட்டி ஆற ஆற ஏறுது. டெசிகேட்டர்ல (ஈரம் ஏறாம மூடி வைக்கற பாத்திரம்) வச்சு நல்லா ஆறினப்புறம் வைங்க. வெறும் கையால தொடாதீங்க, இடுக்கி எதுக்கு இருக்கு?