சுமைதாங்கிக் கல்லுக்கு ஒரு ரோல்: வாசகர் கேள்வி பதில்

தாத்தாவின் பீரோவில் பென்டாக்ஸ் கே 1000 கேமரா கிடைத்தது. பதினைந்து வருடமாக யாரும் தொடவில்லை. இனி அதில் படம் எடுக்க முடியுமா?
கல்லூரி மாணவர், மன்னார்குடி

எடுக்கலாம் தம்பி. 1976 முதல் 1997 வரை வந்த கேமரா அது. முழுக்க இயந்திரம்தான். பேட்டரி, உள்ளே வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்துபோனாலும் ஷட்டர் விழும். முதலில் ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, வேகத்தை ஒரு நொடியில் வைத்து அழுத்துங்கள். திரை முழுசாகத் திறந்து மூடுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். கதவோரத்துக் கறுப்பு நுரைப்பட்டையைத் தொட்டால் தார் மாதிரி விரலில் ஒட்டுகிறதா? அப்படியானால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் கசியும். அப்புறம் லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் பக்கத்து லென்ஸ்களில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் வைக்கவே வேண்டாம். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ரோட்டில் காயப்போட்ட நெல்லை எடுத்தேன். கண்ணுக்குப் பொன்னாக இருந்தது, படத்தில் அழுக்கு நிறமாக வந்திருக்கிறது. ஏன்?
வாசகர், ஆடுதுறை

மீட்டருக்கு நெல் எது, தார் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெயிலில் மின்னும் நெல்லைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அது எஃப் 11 சொன்னால் நீங்கள் எஃப் 8 வையுங்கள். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிதாகி வெளிச்சம் கூடும். இந்த ஒரு படிதான் ஒரு ஸ்டாப். சுண்ணாம்பு அடித்த ஐயனார் குதிரைக்கு இன்னும் அரை ஸ்டாப் கூடத் திறக்கலாம். மீட்டரே வேண்டாமென்றால் பழைய கணக்கு இருக்கிறது: பளிச்சென்ற வெயிலில் எஃப் 16, ஏஎஸ்ஏ (ஒளி உணர்வு எண்) 200 ஃபிலிமுக்கு ஷட்டர் 250, அதாவது நொடியில் 250-இல் ஒரு பங்கு.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். காலை எட்டு மணி வாக்கில் பெண்கள் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுவார்கள். அந்தக் கால் போன வரியெல்லாம் சாய்வெயிலில் நிழல் கட்டி நிற்கும். உச்சிவேளையில் அது காணாமல் போய்விடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் எடுக்க அப்படி ஒன்றும் இல்லை. கோயில், ஆறு, வயல். அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். சாலையோரத்தில் எதைத் தேடுவது?
வாசகி, குடவாசல்

குடவாசலில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? கட்டி முடியாத வீட்டு முகப்பில் வைக்கோல் திணித்த சட்டையோடு தொங்கும் திருஷ்டி பொம்மை, வலங்கைமான் வெடிக்கடைப் பலகைகள், மதகுக் கட்டையில் உட்கார்ந்து சவரம் செய்துகொள்ளும் பெரியவர் என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நான் சொன்னால் சுமைதாங்கிக் கல்லில் தொடங்குங்கள்.

இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், பிறர் கை உதவி இல்லாமல் அப்படியே சரித்து இறக்கி வைக்கிற உயரம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அவள் இறக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர் சுமையை இந்தக் கல் வாங்கிக்கொள்கிறது. சிலவற்றில் பேரும் வருடமும் வெட்டியிருக்கும்.

1994-இல் சைக்கிளில் போகும்போது அப்படி ஒரு கல்லை ஏழு படம் எடுத்தேன். மேல்கல்லில் சுண்ணாம்புக்கு அடியில் ‘யம்மாள்’ என்ற கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. கல்லின் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன ஈரத் துண்டு. பின்னால் மூன்று கண் மதகு, இரண்டு பனை. நெகட்டிவ் உறையில் ‘சுமைதாங்கி’ என்று மட்டும் எழுதி வைத்தேன், ஊரை எழுதவில்லை. பத்து வருடம் கழித்து அந்தப் பேரை முழுசாகப் படிக்க வேண்டும் என்று தேடப் போனால் இடம் தெரியவில்லை. பிரிண்டை எடுத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் கேட்டேன். ஒரு பெரியவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “பனையைப் பார்த்தா எரவாஞ்சேரிப் பக்கம் மாதிரி இருக்கு. ஆனா அங்க இப்ப பனையே இல்லியே” என்றார். இன்று வரை கிடைக்கவில்லை. அந்த அம்மாளின் பேரில் பாதிதான் என்னிடம் இருக்கிறது.

அதனால் கேமராவோடு ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரோல் எண், ஊர், எந்த வாய்க்கால் கரை, எந்தத் திசை பார்த்து எடுத்தது, எந்த மாதம், அந்த இடத்தை ஊர்க்காரர்கள் என்ன பேரில் சொல்கிறார்கள், எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் மறந்துபோகும். தேய்ந்த எழுத்தை எடுக்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள். வெயில் கல்லைப் பக்கவாட்டில் உரசும்போது எழுத்து எழும்பி நிற்கும். பொடியைத் தேய்த்து எடுக்காதீர்கள், கல் கெட்டுவிடும். 36 படத்தில் கல்லுக்கு மூன்று போதும்: ரோட்டோடு சேர்த்து ஒன்று, நேர் எதிரே நின்று ஒன்று, எழுத்துக்கு ஒன்று.

நாற்று நடும் பெண்களைக் கேட்காமல் எடுத்தால் இயல்பாக வருமே?
வாசகர், நீடாமங்கலம்

கேட்டுவிட்டே எடுங்கள். பத்து நிமிடம் வரப்பில் நின்றால் போதும், உங்களை மறந்து வேலையைப் பார்ப்பார்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மறுமுறை அவர்களே கூப்பிடுவார்கள்.

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறேன். கோடையில் நெகட்டிவ் மட்டும் அடர்ந்து கறுத்துவிடுகிறது.
வாசகர், திருவாரூர்

தண்ணீர்தான் காரணம். குழாயில் 30 டிகிரிக்கு மேல் வரும். இல்ஃபோர்டு ஹெச்பி 5 ஃபிலிமுக்கு, படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 மருந்தைச் சம அளவு தண்ணீரில் கலந்தால், 20 டிகிரியில் 11 நிமிடம். அதே 11 நிமிடத்தைச் சூட்டில் ஓட்டினால் கறுக்கத்தான் செய்யும். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள், நீர்த்துவிடும். ஐஸ் தண்ணீர் பக்கெட்டுக்குள் மருந்து பாட்டிலை நிறுத்துங்கள். படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே குளிர்ச்சிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சட்டென்று சூடு மாறினால் ஃபிலிமின் மேல்பூச்சு வலைவலையாகச் சுருங்கிவிடும். 20 வரை இறக்க முடியாவிட்டால் 24-இல் நிறுத்தி, ஏறக்குறைய 8 நிமிடம் வையுங்கள். போன வைகாசியில் நான் அப்படித்தான் கழுவினேன், நன்றாகவே வந்தது.