எஸ்பிஎம் முடித்த மகளுக்கு ஐசி இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எனக்கு நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை). மனைவி 1984இல் லயத்து வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்தவர். பிறப்புப் பத்திரமே எடுக்கவில்லை. காலமான மாமனாருக்குச் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை). மாமனார் மாமியார் கல்யாணம் 1980இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. எங்களுடையதும் கோயில் கல்யாணம்தான், 2005இல்; பதிவு செய்யவில்லை. மகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தும் பத்திரத்தில் ‘புக்கான் வார்கநெகாரா’ (குடிமகள் அல்ல) என்று இருக்கிறது. எஸ்பிஎம்மில் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) நன்றாகச் செய்திருக்கிறாள். யுபியு (அரசாங்க உயர்கல்விச் சேர்க்கை) வழியில்லை, தனியார் கல்லூரி வெளிநாட்டு மாணவருக்கான மாணவர் பாஸ் கேட்கிறது. நவம்பரில் 18 வயது ஆகிறது. என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் மகளின் சிக்கல் மகளிடம் இல்லை, உங்கள் மனைவியின் பிறப்பில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

சட்டப்படி முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்குக் குடியுரிமை பார்க்கும்போது தாயைத்தான் பார்ப்பார்கள். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, பகுதி 3, பிரிவு 17 அப்படிச் சொல்கிறது. கல்யாணம் பதிவாகாததால் உங்கள் மகளையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்; உங்கள் நீல ஐசி உதவாமல் போனது இதனால்தான். பதிவில்லை என்பதாலேயே ஒரு கல்யாணம் செல்லாமல் போகாது என்று 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவை வைத்து வாதாடலாம். ஆனால் தேசியப் பதிவு இலாகா கவுண்டரில் அது எடுபடாது, நீதிமன்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி பதிவு செய்தாலும் மகள் பிறந்த நாளுக்கு அது தானாகப் பின்னோக்கிப் போகாது. மனைவியிடம் ஐசி இல்லாமல் அந்தப் பதிவே நடக்காது என்பது வேறு.

உங்கள் மாமனார் கல்யாணம் அப்படியல்ல. அந்தச் சட்டம் 1.3.1982இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கோயில் கல்யாணங்கள் பதிவில்லாமலேயே செல்லும். ஆகவே உங்கள் மனைவி முறையான பிள்ளை. மலேசியாவில் பிறந்து, பிறந்த நாளில் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், அரசியலமைப்பின் விதி 14(1)(ஆ), இரண்டாம் அட்டவணை பகுதி 2, பிரிவு 1(அ)வின்படி அவர் பிறப்பிலேயே குடிமகள். யாரும் மனம் வைத்துக் கொடுப்பதல்ல அது. தாய் குடிமகள் என்றால் மகளும் அதே பிரிவில் குடிமகள். பத்திரத்தில் தவறாகப் பதிந்ததைத் திருத்தச் சொல்லிக் கேட்பதுதான் மிச்சம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. மாமனாருக்குச் சிவப்பு ஐசி 1984க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். கையில் இருக்கும் கார்டில் உள்ள தேதி, பழையதை மாற்றி எடுத்த தேதியாக இருக்கலாம். முதன்முதலில் எப்போது கொடுத்தார்கள் என்ற பதிவை இலாகாவிடம் எழுத்தில் கேளுங்கள். மனைவிக்கு அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களுடைய பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள்: தகப்பனின் ஐசி எண்ணும் நிலையும் அதில் எழுதியிருக்கும். 1984க்கு முந்திய பத்திரமாக இருந்தால் அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அடுத்து மனைவிக்குத் தாமதப் பிறப்புப் பதிவு. தோட்ட ஆபீஸ் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவு, தடுப்பூசிக் கார்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றைத் தேடுங்கள். தோட்டம் கைமாறியிருந்தால் பழைய ஏடுகள் பெரும்பாலும் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். 1984இல் அதே லயத்தில் குடியிருந்து, அப்போதே பெரியவர்களாக இருந்த இருவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தரட்டும். மனைவியின் வயதுக்காரர்கள் சாட்சி சொல்லிப் பயனில்லை. மாமியார் உயிருடன் இருந்தால் டிஎன்ஏ சோதனைக்குத் தயார் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் கோப்பு தூங்குவதற்குப் பெயர் எழுத்துக்கூட்டலும் ஒரு காரணம்: ஒரு தாளில் ‘முனியாண்டி’ ஒய் எழுத்தில் முடியும், இன்னொன்றில் ஐ எழுத்தில். இருவரும் ஒருவரே என்று தனிப் பிரமாணம் இணையுங்கள்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். அதனால், சிறப்புச் சூழலில் பிள்ளையைக் குடிமகளாகப் பதிய வழிவிடும் அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழும் மகளுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது அரசாங்கத்தின் விருப்பாதிகாரம். நீண்ட நாள் எடுக்கும், காரணம் சொல்லாமலும் மறுக்கலாம். வயது வரம்பு 21 என்று பலர் சொல்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆக்குகிறது. நவம்பர் பிறந்தநாளையே கெடுவாக வையுங்கள். முகப்புக் கடிதத்தில், பிறப்பால் குடிமகள் என்ற உரிமையை விட்டுக்கொடுக்காமல், ‘தன்பா ப்ரெஜுடிஸ்’ (உரிமைக்குப் பாதகமின்றி) ஆக விண்ணப்பிப்பதாக எழுத மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் பின்னால், ‘குடிமகள் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

கல்லூரி விஷயம். மாணவர் பாஸுக்குக் கடப்பிதழ் வேண்டும். நாடற்ற பிள்ளைக்கு எந்த நாடு கடப்பிதழ் கொடுக்கும்? ஏதாவது ஒரு நாட்டுக் கடப்பிதழை எடுத்து வாருங்கள் என்று சேர்க்கை ஆபீசில் சொன்னால் கேட்காதீர்கள். வெளிநாட்டுக் குடிமகள் என்ற பதிவு விழுந்தால் வழக்கே ஆட்டம் காணும். பிறப்புப் பத்திர எண்ணை வைத்துப் பதிவு செய்வார்களா, தொழிற்பயிற்சிக்கு ஐசி கேட்பார்களா, உள்நாட்டுக் கட்டணமா, சான்றிதழ் தடைபடாதா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் குடிமக்களுக்கு மட்டும் என்பதால் முதல் தவணைகளைக் கைப்பணத்தில் கட்ட வேண்டிவரும். நீண்ட பட்டப்படிப்பைவிடச் சிறிய டிப்ளோமாவில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

சில ஆயிரம் வெள்ளிக்கு ஐசி எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டை வாசலோடு அனுப்புங்கள். போலி ஐசி வைத்திருந்தால் 3 ஆண்டுச் சிறை வரை, 20,000 வெள்ளி அபராதம் வரை போகும். மாட்டுவது ஏஜெண்ட் இல்லை, உங்கள் மகள்.

தாள்களைத் திரட்டியதும் பேரா வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ, தீபகற்பத்தில் நாடற்றோர் கோப்புகளைப் பார்க்கும் டிஎச்ஆர்ஆர்ஏ அமைப்பையோ அணுகுங்கள். இலாகாவில் எதைக் கொடுத்தாலும் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்க 3 மாதம்தான். முடிவு எப்போது கைக்கு வந்தது என்பதில் சண்டை வரும், கடிதம் வந்த உறையையும் வைத்திருங்கள்.