ஹைபிரிட் எஸ்யுவியா, சாதா பெட்ரோலா? வாசகர் கேள்விகள்

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டையும் வைத்துத்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். அடிப்படையில் இரண்டும் ஒரே வண்டி என்பதால் பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ள வண்டி; அந்த மோட்டார் தனியாகவே சக்கரத்தைச் சுற்ற முடிந்தால் அது ஸ்ட்ராங் ஹைபிரிட்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் போய்வருகிறேன். மாதம் 1,200 கி.மீ. ஓடும். அதே வசதிகள் உள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைவிட ஸ்ட்ராங் ஹைபிரிட் ஆன்ரோடு ரூ.2.4 லட்சம் கூடுதல். போட்ட பணம் திரும்புமா?
– வாசகர், மேற்கு தாம்பரம்

திரும்பும். ஆனால் ஷோரூமில் சொல்கிற வேகத்தில் திரும்பாது. ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். அது சோதனைக்கூட எண். நீங்கள் போகும் ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் ஏசியோடு 21 என்று வைத்துக்கொள்ளுங்கள்; பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 12. லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ரூ.4.76, ரூ.8.33. மிச்சம் ரூ.3.57. கூடுதலாகப் போட்ட 2.4 லட்சத்தை எடுக்க சுமார் 67,000 கி.மீ. ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு நாலே முக்கால் வருடம் போலாகும். அந்தக் கூடுதல் தொகையையும் 9% வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ.59,000. அப்போது கணக்கு ஆறு வருடத்தைத் தொடும். எட்டு வருடம் வைத்து ஓட்டுவீர்கள் என்றால் தாராளமாக ஹைபிரிட் வாங்கலாம். நாலு வருடத்தில் வண்டி மாற்றும் ஆள் என்றால் வேண்டாம்.

லாபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். சாதா வண்டியில் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் முழுக்க பிரேக் பேடில் சூடாகிப் போய்விடுகிறது. ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கை 0.76 யூனிட் கொள்ளளவுள்ள சின்ன பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. குரோம்பேட்டையில் ஊர்ந்துபோவது அந்த மின்சாரத்தில்தான். ஏசி கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுவதால் சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர் குறையாது. சார்ஜ் இறங்கியதும் இன்ஜின் தானே எழுந்து, நிரப்பிவிட்டு மறுபடி நிற்கும்.

ஒன்று கவனியுங்கள்: சிக்னலில் N (நியூட்ரல்) போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். N-ல் இந்த ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது. D-யிலேயே வைத்து பிரேக்கை மிதித்தால் போதும்.

கரூரிலிருந்து சென்னைக்கு மாதம் நாலு தடவை போகிறேன். ஊருக்குள் அவ்வளவாக ஓட்டுவதில்லை.
– வாசகர், கரூர்

பெட்ரோல் வாங்குங்கள். நாற்கரச் சாலையில் ஒரே சீராக 100-ல் போகும்போது பிரேக்கே மிதிப்பதில்லை; திருப்பி எடுக்க ஒன்றும் இல்லை. பெட்ரோல் 17, ஹைபிரிட் 21 என்று வைத்தால் மிச்சம் கிலோமீட்டருக்கு ரூ.1.12தான். முந்தைய கேள்வியில் சொன்ன 2.4 லட்சத்தை எடுக்க இரண்டு லட்சம் கி.மீ. தாண்ட வேண்டும். எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைவிட எத்தனை முறை நின்று கிளம்புகிறது என்பதுதான் ஹைபிரிட்டின் கணக்கு.

டிக்கியையும் பார்த்துவிடுங்கள். பேட்டரி தரைக்கடியில் உட்காருவதால் 373 லிட்டர் இடம் 265 ஆகிறது. இரண்டு பெரிய சூட்கேஸ் வைத்தால் மூன்றாவதற்கு மடிதான்!

வண்டியில் ஹைபிரிட் என்று போட்டிருக்கிறது. ஆனால் மின்சாரத்தில் ஒரு அடிகூட நகரவில்லையே?
– வாசகி, திருநெல்வேலி

உங்களுடையது மைல்ட் ஹைபிரிட். ஆல்டர்னேட்டர் இடத்தில் பெல்ட்டோடு இணைந்த ஒரு சிறு மோட்டார் இருக்கும். சிக்னலில் இன்ஜினை எழுப்பும், கிளம்பும்போது லேசாகக் கைகொடுக்கும், அவ்வளவுதான். சக்கரத்தைத் தனியாகச் சுற்றும் தெம்பு அதற்கில்லை. பழுது எதுவும் இல்லை. விலை பேசும்போது இதை வெறும் பெட்ரோல் வண்டியாகவே எண்ணிக்கொள்வது நல்லது.

கொடைக்கானலில் இறங்கும்போது ஹைபிரிட்டின் இன்ஜின் திடீரென்று உறுமுகிறது. சர்வீஸில் "நார்மல்" என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

அவர்கள் சொல்வது சரிதான். சின்ன பேட்டரி கொஞ்ச தூர இறக்கத்திலேயே நிரம்பிவிடும். அதற்குமேல் வரும் சக்திக்குப் போக இடமில்லாததால், பெட்ரோல் விடாமல் இன்ஜினை வேகமாகச் சுழற்றி அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறது. கியரை B-யில் (இன்ஜினையே பிரேக்காக்கும் நிலை) போட்டு இறங்கினால் பிரேக் சூடாகாது. ஏறும்போது நிலைமை தலைகீழ்: பேட்டரி காலியானபின் மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் பெரும்பாலும் தனியாக இழுக்க வேண்டும். ஐந்து பேரும் சாமானும் இருந்தால் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனின் ஹைபிரிட் எங்கள் வீட்டில் நிற்கிறது. ஒரு மாதம் எடுக்காததால் ஸ்டார்ட் ஆகவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் போனது 12 வோல்ட் பேட்டரியின் சார்ஜ். கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். அது இறங்கினால், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியில் (மேலே சொன்ன 0.76 யூனிட் பேட்டரி) சார்ஜ் இருந்தும் பலனில்லை. வாரம் ஒருமுறை பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி, READY விளக்கு எரிந்தபின் P-யில் ஒரு மணி நேரம் விடுங்கள். மூடிய கேரேஜில் வேண்டாம், இன்ஜின் இடையில் ஓடும். READY வராமல் வெறும் டிஸ்ப்ளே மட்டும் எரிந்தால் இருக்கும் சார்ஜும் போகும்.

பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி உண்டு. அதற்கு எமன் சூடு. அதைக் குளிர்விக்கும் காற்றுத் துளை எங்கே இருக்கிறது என்று டெலிவரியிலேயே காட்டச் சொல்லுங்கள். அதன்மேல் பையோ துண்டோ கிடக்கக் கூடாது. ஃபில்டரை சர்வீஸில் சொல்லிச் சுத்தம் செய்யுங்கள்.

ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை உண்டா?
– வாசகர், ஈரோடு

தமிழ்நாட்டில் மின்கார்களுக்குத் தரும் சாலை வரி விலக்கு ஹைபிரிட்டுக்கு இல்லை. ஜிஎஸ்டி வரியில் முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 43%, இந்தப் பெட்ரோல் வண்டிக்கு 45% என்று சின்ன வித்தியாசம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40%.

மழையில் தண்ணீருக்குள் நின்ற ஹைபிரிட்டை என்ன செய்வது?
– வாசகர், வேளச்சேரி

ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கையே போகக் கூடாது. முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் டிரான்ஸ்மிஷன் கெடும். நாலு சக்கரமும் ஏற்றும் பிளாட்பெட் வண்டி வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.